குடிக்கத்தான் சேருகிறார்களா?

அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபிரட்டர்னிட்டிகளை, அதாவது மாணவர்கள் உறுப்பினராகச் சேர்ந்து ஒரே வீட்டில் கூடி வாழும் ஆண்கள் சங்கங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எங்கும் ஒரே தீர்ப்புதான். பணக்கார வீட்டுப் பையன்கள், பீர் பீப்பாய், விடிய விடியக் கூத்து, புதிதாக வருகிறவனை வதைத்து வேடிக்கை பார்க்கும் கூட்டம். அதில் சேருகிறவனும் அந்த ரகம்தான். ஒழுங்கான பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? பத்திரிகைகள் இதை எழுதுகின்றன, பேராசிரியர்கள் சொல்கிறார்கள். டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் நம் தமிழ்ப் பெற்றோர், மகனைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது கடைசியாகச் சொல்கிற புத்தியும் இதுதான்: "அந்தப் பக்கம் மட்டும் போயிடாதே."

குடி உண்மை. சாவு உண்மை. இனவெறியும் உண்மை. எதையும் நான் மறைக்கப் போவதில்லை. நான் மறுப்பது, இவர்கள் ஏன் சேருகிறார்கள் என்ற கேள்விக்கு இந்தத் தீர்ப்பு வைத்திருக்கும் பதிலை. பையன் கெட்டவன், ஆகவே கெட்ட இடத்தைத் தேடிப் போனான் என்கிற பதில் தவறானது, ஆபத்தானதும்கூட. பல்கலைக்கழகத்தை அது பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. பெற்றோருக்குப் பொய்யான நிம்மதியைத் தருகிறது. செத்துப்போன பிள்ளையின் தலையிலேயே பழியைச் சுமத்துகிறது.

இந்தச் சித்திரத்தின் பெரும்பகுதி ஒரு திரைப்படத்திலிருந்து வந்தது. 1978இல் வெளியான 'அனிமல் ஹவுஸ்'. அதை எழுதிய மூவரில் ஒருவரான கிறிஸ் மில்லர், டார்ட்மவுத் கல்லூரியில் ஃபிரட்டர்னிட்டி வீட்டில் இருந்தவர். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய கதைகள் படத்துக்கு ஓர் ஆதாரம். படம் ஓடிய ஓட்டத்தில் கல்லூரிதோறும் மாணவர்கள் படுக்கை விரிப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு, படத்தில் வருவது போலவே டோகா விருந்து நடத்தத் தொடங்கினார்கள். ஒரு வீட்டின் கதையைச் சொன்ன படம், ஆயிரம் வீடுகளுக்கு நடத்தை விதியாகிவிட்டது. 'உங்கள் மரபே இதுதான்' என்று இத்தனை ஆண்டுகளாகத் திரையும் பத்திரிகையும் சொல்லிக்கொண்டிருந்தால், பதினெட்டு வயதுப் பையன் அதை நம்பத்தான் செய்வான். ஃபிரட்டர்னிட்டியைப் பழிப்பதாக நினைத்துக்கொண்டு இந்தச் சித்திரத்தைப் பரப்புகிறவர்கள், அதன் மிக மோசமான வடிவத்துக்கே விளம்பரம் செய்கிறார்கள்.

உண்மையில் இவை எப்படித் தோன்றின? 1825இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊரில், யூனியன் கல்லூரியில் கப்பா ஆல்ஃபா சங்கம் தொடங்கியது. 1827இல் அங்கேயே மேலும் இரண்டு. அன்றைய கல்லூரி நாள் பிரார்த்தனையில் விடியும். பிறகு லத்தீன், கிரேக்கம், ஒப்பித்தல், மாணவனின் ஒவ்வொரு அசைவின்மீதும் கண்காணிப்பு. தாங்களே தேர்ந்தெடுத்த நண்பர்கள், தாங்களே தேர்ந்தெடுத்த விவாதம், ஆசிரியர் நுழையாத ஓர் அறை ஆகியவற்றை விரும்பிய மாணவர்கள் ரகசியமாகக் கூடினார்கள். பிறகு மேற்கே பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் எழுந்தபோது நிலைமை தலைகீழானது. மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஹென்றி டாப்பன், மாணவருக்கு விடுதி நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலையே அல்ல என்ற கருத்துள்ளவர். 1850களில் விடுதி அறைகளை வகுப்பறைகளாக மாற்றினார். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பது மாணவனின் தலைவலி ஆயிற்று. அந்தத் தலைவலிக்கு ஃபிரட்டர்னிட்டிகள் வீடு கட்டித் தீர்வு கண்டன. பல்கலைக்கழகம் கையைக் கழுவிய இடத்தில்தான் இவை வேரூன்றின. இன்றைக்கும் அப்படியே.

பணக்கார வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் கூடாரம் என்ற வசைக்கு வருகிறேன். 1906 டிசம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற ஃபிரட்டர்னிட்டியைத் தொடங்கினார்கள். 1904-05 கல்வியாண்டில் அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் மறு ஆண்டு திரும்பி வரவில்லை என்று அச்சங்கத்தின் வரலாறு பதிவு செய்கிறது.  சேர்ந்து படிக்கவும் ஒருவரையொருவர் விழாமல் தாங்கிக்கொள்ளவும் ஒரு வாசிப்பு வட்டமாகக் கூடியவர்களே பிறகு சங்கமானார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் அதன் உறுப்பினர். மார்ட்டின் லூதர் கிங் 1952இல், பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது சேர்ந்தார். வாஷிங்டனில் 2011இல் திறக்கப்பட்ட கிங் நினைவிடத்தின் பின்னால் பல ஆண்டுகள் நின்று உழைத்தது இதே சங்கம்தான். யூத மாணவர்களைப் பிற சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1898இல் நியூயார்க்கில் தோன்றிய யூத மாணவர் அமைப்பு ஒன்று ஸீட்டா பீட்டா டாவ் ஆயிற்று.

பெண்களுக்கான சொரோரிட்டிகளின் கதையும் இதுவே. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில், சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் சேர்ந்தார். 2020இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தியபோது தன் குடும்பம் எது என்று அடுக்கினார். அந்த வரிசையில் சித்திகள் இருந்தார்கள். நம் ஊரில் அதைக் கொண்டாடினோம். அதே வரிசையில் அந்த சொரோரிட்டியும் இருந்தது. அதை நாம் கவனிக்கவில்லை.

நம் பிள்ளைகளும் இதையே செய்தார்கள். 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் அமெரிக்கா சென்ற இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் தொண்ணூறுகளில் பெருமளவில் கல்லூரிக்கு வந்தார்கள். 1994இல் பிங்ஹாம்டனில் ஐயோட்டா நூ டெல்டா, 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் ஸை என்று தெற்காசிய மாணவர்களுக்கான ஃபிரட்டர்னிட்டிகள் பிறந்தன. வீட்டில் இட்லி சாப்பிட்டு, வெளியே அமெரிக்கனாக நடந்து, இரண்டு இடத்திலும் பாதி ஆளாக உணர்ந்த பையன்கள், எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு கூட்டத்தைத் தேடினார்கள். இவர்களைப் பார்த்துக் குடிக்கப் போனவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்றைய முதலாண்டு மாணவனின் நிலையைப் பாருங்கள். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் மட்டும் 40,000 பேருக்கு மேல். வேதியியல் வகுப்பில் சில நூறு பேர். பேராசிரியருக்கு இவன் பெயர் தெரியாது, தெரியவும் வாய்ப்பில்லை. அறைத் தோழன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறான். பல பெரிய பல்கலைக்கழகங்களில் விடுதி அறை முதலாண்டோடு சரி. அடுத்த ஆண்டு வெளியே அடுக்ககம் தேடிக்கொள்ள வேண்டும். யாரோடு? பள்ளியில் முதல் வரிசையில் இருந்த பையன் வாரக் கணக்கில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். வீட்டுக்குப் போன் செய்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறான்.

அந்த நேரத்தில் ரஷ் என்ற ஆள்சேர்ப்பு வருகிறது. ஒரு வாரம், வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். பத்து நிமிடம் பேசியவர்கள் மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வார இறுதியில் ஒரு வீட்டிலிருந்து பிட் வருகிறது. நீ எங்களுக்கு வேண்டும் என்கிற அழைப்பு. ஊரை விட்டு வந்ததிலிருந்து யாரும் அவனிடம் சொல்லாத ஒன்றை யாரோ சொல்லிவிட்டார்கள். சேர்ந்ததும் மூத்தவன் ஒருவனை அவனுக்கு அண்ணனாக நியமிக்கிறார்கள். 'பிக் பிரதர்' என்றே அவனுக்குப் பெயர். காலை வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவன். விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவிட ஒருவன். கோடை விடுமுறைக்கு எந்த நிறுவனத்தில் பயிற்சி கிடைக்கும், யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்ல, படித்து முடித்துப் போன ஒருவன். இரவில் ஐம்பது அறுபது பேர் ஒரே மேசை வரிசையில் சாப்பாடு. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வேலை தேடி வந்த பையன் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஊர்க்காரர் அறையைத் தேடிப் போனான் அல்லவா, அந்தத் தேவைதான் இங்கேயும்.

ஆனால் குடி? அதையும் நேராகப் பேசலாம். ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் 1993இல் நூற்று நாற்பது கல்லூரிகளில் நடத்திய ஆய்வில், ஃபிரட்டர்னிட்டி வீடுகளில் வாழ்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஒரே அமர்வில் அளவு மீறிக் குடிப்பவர்கள் என்று தெரிந்தது. குடிப்பழக்கத்தோடு பள்ளியை முடித்தவர்கள் இந்த வீடுகளைத் தேடிப் போவதும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் குடி மட்டுமே நோக்கம் என்றால் உறுப்பினர் ஆக வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீடுகளின் விருந்துக்கு வருகிறவர்களில் பலர் உறுப்பினர் அல்லாதவர்கள். குடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். வாரக்கணக்கில் பிளெட்ஜ், அதாவது சேரக் காத்திருப்பவன், என்ற பெயரில் எடுபிடி வேலை பார்த்து, பருவத்துக்கு நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் டாலர் சந்தா கட்டி, அதற்கு மேல் சேருகிறவன் வேறு எதையோ தேடுகிறான்.

இந்த வீடுகள் சாராயக்கடை ஆனதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1984இல் அமெரிக்க அரசு, குடிக்கும் வயதை இருபத்தொன்றாக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைப் பிடித்தம் செய்யும் சட்டம் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் பணிந்தன. கல்லூரி மாணவரில் பெரும்பாலோர் அந்த வயதுக்குக் கீழே. பொது இடத்தில், பெரியவர்கள் கண்முன் ஒரு பீர் குடிக்கும் வழி அடைபட்டது. குடி ஃபிரட்டர்னிட்டி வீட்டின் நிலவறைக்குப் போனது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய சொரோரிட்டிகளின் வீடுகளில் மதுவுக்கு நெடுங்காலமாகத் தடை. ஆகவே விருந்து என்றாலே அது ஆண்களின் வீட்டில்தான். வாசலில் யாரை உள்ளே விடுவது, கோப்பையில் என்ன ஊற்றுவது, விளக்கை எப்போது அணைப்பது எல்லாம் அவர்கள் கையில். பெண்களுக்கு இந்த விருந்துகளில் நேரும் வன்முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பையன்களின் குணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். யார் வீட்டில், யார் விதியில் விருந்து நடக்கிறது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. குணத்தைக் குற்றம் சொல்வது சுலபம். ஏற்பாட்டை மாற்றுவதற்குத்தான் உழைக்க வேண்டும்.

இனி ஹேஸிங். நம் ஊரில் ராகிங் என்போம். சிதம்பரத்தில் 1996இல் ஒரு மருத்துவ மாணவன் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு தடைச் சட்டம் இயற்றியது. ஆகவே இது நமக்குத் தெரிந்த பயங்கரம். ஒரு வேறுபாடு உண்டு. ராகிங்கில் சிக்குகிறவன் தப்பிக்கப் பார்ப்பான். ஹேஸிங்குக்குப் போகிறவன் தானே கதவைத் தட்டிப் போகிறான். இதைப் பார்த்துத்தான், 'தெரிந்தே போனான், நமக்கென்ன' என்ற பேச்சு எழுகிறது. இந்த ஒரு பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பீட்டா தீட்டா பை வீட்டில், பத்தொன்பது வயதுப் பொறியியல் மாணவன் ஒருவனுக்குச் சேர்க்கை இரவில் வரிசையாக மது ஊற்றிக் கொடுத்தார்கள். மதுவே கூடாது என்று விதி வைத்திருந்த வீடு அது. படிக்கட்டில் விழுந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று ஒருவன் சொன்னபோது அவனை அடக்கினார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்தே உதவிக்கு அழைத்தார்கள். பையன் இறந்தான். அவன் ஊதாரி அல்ல, குடிகாரனும் அல்ல. அந்த வீட்டில் தனக்கொரு இடம் கிடைக்கும் என்று நம்பிப் போன பிள்ளை.

அதே பென் ஸ்டேட்டில், அதே மாதம், மாணவர்கள் நாற்பத்தாறு மணி நேரம் உட்காராமல் தூங்காமல் ஆடி, புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்காக ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அந்த நடன நிகழ்ச்சியை 1973இல் தொடங்கியது அங்குள்ள ஃபிரட்டர்னிட்டிகளின் கூட்டமைப்பு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மன்னிக்கச் சொல்லவில்லை. ஒரு உயிருக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. ஆனால் கெட்ட பையன்கள் என்ற விளக்கத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் ஒருசேர யாராலும் விளங்கிக்கொள்ள முடியாது. கூட்டத்துக்காக எதையும் தாங்குவேன் என்கிற ஒரே உணர்ச்சி இரண்டிலும் இருக்கிறது. அதை எங்கே திருப்புகிறார்கள், அருகில் பொறுப்பான ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

உளவியலாளர்கள் எலியட் ஆரன்சன், ஜட்ஸன் மில்ஸ் இருவரும் 1959இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த கல்லூரிப் பெண்களில் சிலருக்குக் கூச்சத்தால் குறுகவைக்கும் நுழைவுத் தேர்வு. சிலருக்கு எளிதான தேர்வு. சிலருக்கு எதுவும் இல்லை. பிறகு எல்லோரும் கேட்டது ஒரே சலிப்பான உரையாடல். அவமானப்பட்டு நுழைந்தவர்களுக்கே அது மிகவும் பிடித்திருந்தது. பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொள்ள மனித மனம் மறுக்கிறது. ஹேஸிங் ஏன் ஆண்டுக்கு ஆண்டு கைமாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை. போன ஆண்டு பட்டவன் இந்த ஆண்டு கொடுக்கிறான். கொடுக்காவிட்டால் தான் பட்டது அர்த்தமற்றதாகிவிடும்.

இதற்குப் பணமும் தோலின் நிறமும் காரணமல்ல. 2013 டிசம்பரில், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரூக் கல்லூரியிலிருந்து, ஆசிய அமெரிக்க மாணவர்களின் ஃபிரட்டர்னிட்டியான பை டெல்டா ஸை, புதியவர்களைப் பென்சில்வேனியா மலைப்பகுதிக்கு அழைத்துப் போனது. பாரூக், வீட்டிலிருந்து ரயிலேறி வந்து படிக்கும் புலம்பெயர் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த கல்லூரி. கண்ணைக் கட்டி, முதுகில் பாரம் ஏற்றி, இருளில் நடக்கவைத்து, மோதித் தள்ளினார்கள். ஆசியர்களுக்கு அமெரிக்காவில் உள்ள தடைகளை உணர்த்தும் சடங்காம். ஒரு மாணவன் இறந்தான். 2011இல் ஃபுளோரிடா ஏ அண்டு எம் பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்துக்குள் அடித்தே கொல்லப்பட்டவன் ஃபிரட்டர்னிட்டியில் சேரப் போனவன்கூட அல்ல. அணிவகுப்பு இசைக்குழுவில் இருந்தவன். 'எங்கள் பிள்ளை அந்த மாதிரி இல்லை, அந்த மாதிரி வீட்டுக்கும் போகமாட்டான்' என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோருக்கு இதைவிட வேறென்ன எச்சரிக்கை வேண்டும்?

இனப் பாகுபாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் வாதிட எதுவும் இல்லை. 2013இல் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை, கறுப்பின மாணவிகளை சொரோரிட்டிகள் தள்ளிவைப்பதை வெளிக்கொண்டு வந்தது. 2015இல் ஓக்லஹோமாவில் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் உறுப்பினர்கள் பேருந்தில் இனவெறிப் பாட்டுப் பாடியது உலகுக்கே தெரிந்தது. அந்த வீட்டைப் பல்கலைக்கழகம் உடனே மூடியது. சரியான முடிவு. அலபாமா விவகாரத்தில், சேர்த்துக்கொள்ள விரும்பிய மாணவிகள் இருந்தும் முட்டுக்கட்டை போட்டவர்களில் முன்னாள் மாணவிகள் இருந்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். இளைஞர்களைத் திட்டும்போது, சாவியைக் கையில் வைத்திருக்கும் முதியவர்களை விட்டுவிடுகிறோம்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒழித்துவிடலாமே என்பார்கள். ஒழித்துப் பார்த்த கல்லூரிகள் இருக்கின்றன, விளைவும் கண்முன்னே இருக்கிறது. ஆம்ஹர்ஸ்ட் 1984இல் ஃபிரட்டர்னிட்டிகளைக் கல்லூரியிலிருந்து நீக்கியது. அவை வளாகத்துக்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல், முப்பது ஆண்டுகள் நடந்தன. 2014இல் மறுபடி தடை போட வேண்டியிருந்தது. ஹார்வர்ட் 2016இல் ஆண்-பெண் தனிச் சங்கங்களில் சேருவோருக்குத் தண்டனை அறிவித்து, 2020இல் கைவிட்டது. வில்லியம்ஸ் கல்லூரி வேறு வழியில் போனது. 1962இல், மாணவரின் இருப்பிடத்தையும் சாப்பாட்டையும் கூடிப் பழகும் வாழ்க்கையையும் கல்லூரியே ஏற்கும் என்று முடிவெடுத்து, ஃபிரட்டர்னிட்டி வீடுகளையே கையிலெடுத்து எல்லா மாணவருக்கும் திறந்தது. போடின் கல்லூரியும் 1997இல் முடிவெடுத்து, 2000க்குள் கல்லூரி இல்லங்களை உருவாக்கி மாற்றியது. இந்த இரண்டு இடங்களிலும் மாற்றம் நிலைத்தது. அதற்குப் பணம் செலவாயிற்று, முன்னாள் மாணவர்களின் கோபத்தைத் தாங்க வேண்டியிருந்தது. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதைச் செய்வதில்லை. ஆயிரக்கணக்கான மாணவருக்குப் படுக்கையும் சாப்பாடும் தோழமையும் தரும் செலவை ஃபிரட்டர்னிட்டிகள் சுமந்துகொண்டிருக்கின்றன. அது பல்கலைக்கழகத்துக்கு வசதி. பிணம் விழும்போது மட்டும் கெட்ட பையன்களைப் பற்றி அறிக்கை வருகிறது.

மகனை அமெரிக்கக் கல்லூரியில் விடப்போகும் பெற்றோர், போகாதே என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் அவன் சொல்லாமல் போவான். அடி வாங்கினாலும் சொல்லமாட்டான். 2024 டிசம்பரில் சட்டமான அமெரிக்க ஹேஸிங் தடுப்புச் சட்டத்தின்படி, எந்த மாணவர் அமைப்பு எப்போது விதி மீறியது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டு, ஆண்டுக்கு இருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். அந்த அறிக்கையை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பிளெட்ஜ் காலம் எத்தனை வாரம், வீட்டில் வயது வந்த பொறுப்பாளர் யாராவது தங்குகிறாரா என்று அவனையே விசாரித்து வரச் சொல்லுங்கள். நண்பன் மயங்கி விழுந்தால், உதவிக்கு அழைத்தவனை மதுக் குற்றத்துக்காகத் தண்டிக்காமல் காக்கும் சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. அவன் போகும் மாநிலத்தில் உண்டா என்று பார்த்து, 911ஐ அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பல்கலைக்கழகத்திடம் கேட்க ஒரு கேள்வி உண்டு, எழுத்திலேயே கேளுங்கள்: முதல் ஆறு வாரத்தில் என் மகனின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கப்போகும் பெரியவர் உங்கள் பக்கத்தில் யார்?